ரப்பர் குழாய் கம்ப்ரஷன் கேஜ்: பழைய 150 சிசி எஞ்சினில் சோதித்துப் பார்த்தது

நீலப் புகை விடத் தொடங்கியிருந்த பழைய 150 சிசி நான்கு ஸ்ட்ரோக் வண்டியின் எஞ்சினைப் பிரிப்பதற்கு முன், தேய்ந்திருப்பது பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கா, காற்று வந்துபோகும் வழியை மூடும் வால்வா என்று அறிந்துகொள்வதற்காகவே, சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று அளக்கும் இந்தக் கருவியை வாங்கினேன். பெட்டியில் 300 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அலகு) வரை காட்டும் கேஜ், 30 செ.மீ. நீளமுள்ள ரப்பர் குழாய், 10, 12, 14 மி.மீ. மரைகளுக்கான அடாப்டர்கள், கையால் அழுத்திப் பிடிக்கும் கூம்பு வடிவ ரப்பர் முனை ஆகியவை இருந்தன. என் எஞ்சினின் ஸ்பார்க் பிளக் துளை 14 மி.மீ. என்பதால் மற்ற இரு அடாப்டர்களையும் சோதிக்க இயலவில்லை.

வால்வுக்கும் அதைத் தள்ளித் திறக்கும் பாகத்துக்கும் இடையிலான டேப்பெட் இடைவெளி குறைவாக இருந்தால் வால்வு முழுமையாக மூடாமல் அழுத்தம் கசியும் என்பதால் அதை முதலில் சரிபார்த்தேன். பிறகு எஞ்சினைச் சூடாக்கி, பிளக்கைக் கழற்றி, தீப்பொறிக்கான மின்சாரத்தைத் தரும் சிடிஐ பெட்டி பழுதாகாமல் இருக்க அந்தப் பிளக்கைக் கேப்புடன் சேர்த்து சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டில் தொடும்படி வைத்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் திருகிப் பிடித்தபடி முள் மேலும் ஏறாது நிற்கும் வரை உதைத்தேன். ஆக்சிலரேட்டரைத் திறக்க மறந்தால் எந்த நல்ல எஞ்சினும் நோயாளியாகவே தெரியும்.

குழாயை மாட்டிப் பார்த்தபோது 85 பிஎஸ்ஐ காட்டிய கேஜ், அதே சூட்டில் குழாயை எடுத்துவிட்டு, கேஜிலேயே ரப்பர் கூம்பை மாட்டி அழுத்தியபோது 115 காட்டியது. கசிவதானால் கையால் பிடிக்கும் கூம்பில்தான் கசிய வேண்டும். இங்கோ நேர்மாறாக இருந்தது. குழாயைக் கழற்றிப் பார்த்தபோது காரணம் புரிந்தது: காற்றைத் திரும்பவிடாமல் தடுக்கும் சிறு வால்வு, எஞ்சின் பக்க முனையில் இல்லாமல் கேஜின் அடியில் பொருத்தப்பட்டிருக்கிறது. ஆகவே குழாயின் உட்புறம் முழுவதும் எரியறையின் ஒரு பகுதியாகிவிடுகிறது. 150 சிசி எஞ்சினில் கம்ப்ரஷன் விகிதம், அதாவது பிஸ்டன் மேலேறும்போது காற்று எத்தனை மடங்கு சுருங்குகிறது என்ற கணக்கு, 9 எனில் எரியறையின் கொள்ளளவு 19 சிசிக்கும் சற்றுக் குறைவு, 5 மி.மீ. உள்விட்டமுள்ள இந்தக் குழாய் அதனுடன் ஏறக்குறைய 6 சிசியைச் சேர்த்து விகிதத்தை 7 அளவுக்கு இறக்கிவிடுகிறது. பெரிய கார் எஞ்சினில் கண்ணுக்குத் தெரியாத இந்தப் பிழை, சிறிய மோட்டார் சைக்கிளில் நல்ல எஞ்சினையே பிரிக்க வைத்துவிடும்.

அடுத்து எண்ணெய்ச் சோதனை: தேய்ந்த ரிங்கின் இடுக்கை எண்ணெய் அடைத்துவிடுவதால், முள் ஏறினால் கசிவு ரிங்கில்தான் என்று தெரியும். கருவியுடன் வந்த தாள், ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 5 மி.லி., எண்ணெயை சிலிண்டரில் விடச் சொல்கிறது. இதுவும் கார்களுக்கான அளவே. 19 சிசி அறையில் 5 மி.லி. எண்ணெய் தேங்கினால் விகிதம் 12ஐ நெருங்கிவிடும் என்பதால், ரிங் நன்றாக இருந்தாலும் முள் ஏறத்தான் செய்யும். நான் சிரிஞ்சால் 1 மி.லி. மட்டும் விட்டு, இரண்டு மூன்று முறை மெதுவாக உதைத்துப் பரவவிட்ட பின் கூம்பை வைத்து அளந்தேன். 115 ஆக இருந்தது 145 ஆனது. அவ்வளவு சிறிய அளவு எண்ணெய் அடைத்துக்கொள்ளும் இடத்தால் மட்டும் 30 பிஎஸ்ஐ ஏறாது. ஆகவே ரிங் தேய்ந்திருக்கிறது என்று முடிவுசெய்தேன். எண்ணெய் விட்ட பின்னும் முள் அசையாதிருந்தால் வால்வையோ, ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டையோ சந்தேகித்திருப்பேன்.

கருவியின் மற்ற பாகங்களில் பெரிய குறையில்லை. முள் நடுங்காமல் நிற்கிறது, அழுத்தத்தை வெளியேற்றும் பொத்தான் ஒட்டிக்கொள்வதில்லை, அடாப்டரின் ஓ ரிங் கையால் திருகும் இறுக்கத்திலேயே அடைத்துக்கொள்கிறது. கூம்பைப் பயன்படுத்தும்போது ஒருவர் அழுத்த, மற்றொருவர் உதைக்க வேண்டியிருப்பதுதான் தொல்லை. ஒரே வண்டியை ஆண்டுதோறும் அளந்து ஒப்பிடுபவருக்கு இந்தக் குழாயே போதும்; கையேட்டில் அச்சிட்ட எண்ணோடு ஒப்பிட நினைப்பவர், வாங்கும்போதே மரையுள்ள முனைக்குள் எட்டிப் பார்த்து, டயர் டியூபில் இருப்பது போன்ற வால்வு ஊசி அங்கே தெரிகிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.