'வைட்பேண்ட்' என்று சொல்லி விற்கும் மலிவு மீட்டர்: டர்போ கார் வைத்திருப்பவர்கள் வாங்கும் முன் படிக்கவும்

டர்போ காரைக் குறைந்த செலவில் தானே ட்யூன் செய்து, அதாவது ஈசியூ என்ற இன்ஜின் கணினியில் பெட்ரோல் அளவை மாற்றிப் பார்க்கலாம் என்று நினைக்கிற எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். ஒரு பங்கு பெட்ரோலோடு எத்தனை பங்கு காற்று எரிகிறது என்று எக்ஸாஸ்டில் அளந்து காட்டும் மீட்டரை ஆன்லைனில் 'வைட்பேண்ட் ஏர் ஃப்யூயல் மீட்டர், சென்சாருடன் முழு செட்' என்று போட்டு, பெயர் தெரிந்த கம்பெனி கன்ட்ரோலரின் விலையில் கால்வாசிக்கும் கீழே விற்கிறார்கள். அதில் ஒன்றை நம்பி வாங்கி என் இன்ஜினில் ஒரு பிஸ்டன் போய்விட்டது. விற்றவர் பொய் சொல்லி விற்றார், கேட்டபோது இன்னும் பெரிய பொய்யைச் சொன்னார். கடையின் பெயர் இங்கே வேண்டாம், ஏனென்றால் அதே மீட்டர் வேறு வேறு பெயர்களில், வேறு வேறு படங்களோடு எங்கும் கிடைக்கிறது. பெயரைவிட பொருளை அடையாளம் கண்டுகொள்வதுதான் முக்கியம்.

வந்த பெட்டியில் 52 மி.மீ. மீட்டர், ஒரு சென்சார், வயரிங் எல்லாம் இருந்தன. 10 முதல் 20 வரை காட்டும் என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தார்கள். சென்சாரின் கனெக்டரில் ஆறு பின் இருந்தது, போஷ் கம்பெனியின் உண்மையான வைட்பேண்ட் சென்சாரான எல்எஸ்யூவில் இருப்பது போலவே. மேலே தடித்த உறை போட்டு மூடியிருந்ததால் எத்தனை வயர் போகிறது என்று தெரியாது. பின்னால் அந்த உறையை அறுத்துப் பார்த்தபோது நான்கு பின்னுக்குத்தான் வயர் இருந்தது, மற்ற இரண்டும் வெறும் அலங்காரம். அதாவது உள்ளே இருந்தது, பெட்ரோல் அதிகமா குறைவா என்று மட்டும் சொல்லும் சாதாரண நேரோபேண்ட் சென்சார்.

முதலில் எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரிந்தது. ஐடிலில் 14.7, சீராக ஓட்டும்போது 14.7. இந்த இடத்தில்தான் ஏமாற்று வேலை செய்கிறது. லேசான லோடில் காரின் ஈசியூவே தன் சொந்த ஆக்சிஜன் சென்சாரை வைத்துக் கலவையை லாம்டா 1 (பெட்ரோலும் காற்றும் மிச்சமில்லாமல் எரியும் 14.7 விகிதம்) அருகில் பிடித்து வைத்திருக்கும். அந்த நேரத்தில் எந்த மட்டமான மீட்டரும் 14.7 காட்டும். அதைப் பார்த்து 'சூப்பரா வேலை செய்யுது' என்று ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள் பலர், அவர்கள் யாரும் பூஸ்டில், அதாவது டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளும்போது, வேறொரு மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பூஸ்டில் அது 11.1, 11.2 என்று காட்டியது. டர்போ பெட்ரோல் இன்ஜினுக்கு முழு லோடில் சுமார் 11 முதல் 12.5 வரை, அதாவது லாம்டா 0.75 முதல் 0.85 வரை என்பது வழக்கமான வரம்பு. நான் 11.8 வைக்க நினைத்திருந்தேன். மேப்பில், அதாவது ஈசியூவில் இருக்கும் பெட்ரோல் அட்டவணையில், கொஞ்சம் பெட்ரோலைக் குறைத்தாலும் மீட்டர் 11.2லேயே நின்றது. சந்தேகம் வந்து விற்றவருக்கே எழுதிக் கேட்டேன். "மீட்டரில் ஒரு குறையும் இல்லை சார், உங்க இன்ஜெக்டர் அதிகமா ஊத்துது, இன்னும் குறைங்க" என்று பதில் வந்தது. தான் விற்பது பூஸ்டில் எதையும் அளக்காது என்று தெரிந்துகொண்டே ஒருவர் இப்படி எழுதினால் அது வெறும் மோசமான சர்வீஸ் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அப்புறம் ஒரு நாள் ஏற்றத்தில் பூஸ்ட் ஏறும்போது தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி சத்தம். அதுதான் நாக்கிங், கலவை தானாகவே வெடிப்பது. உடனே காலை எடுத்துவிட்டேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளைப் பீங்கான் மேல் பொடிப் பொடியாக மினுக்கும் அலுமினியத் துகள். கம்ப்ரெஷன் டெஸ்டில் ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகக் குறைவு. இன்ஜினைப் பிரித்ததில் அந்த பிஸ்டனின் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்திருந்தது. அதைச் சரிசெய்து, பழைய மேப்பில் கொஞ்ச காலம் ஓட்டிய பிறகு, நண்பர் ஒருவர் தன்னுடைய உண்மையான வைட்பேண்டைக் கொண்டுவந்தார். பூஸ்டைப் பாதுகாப்பான அளவுக்கு இறக்கி வைத்துக்கொண்டு, இரண்டு சென்சாரையும் ஒரே குழாயில் மாற்றி மாற்றிப் போட்டு, சேதம் ஆனபோது இருந்த அதே பெட்ரோல் அளவில் கணநேரம் மட்டும் ஓட்டிப் பார்த்தோம். என் மீட்டர் 11.2, அவருடையது 13.6. லாம்டாவில் சொன்னால் 0.93. அந்த லோடில் அது மிகவும் லீன், அதாவது பெட்ரோல் போதாது.

இது ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்தால்தான் அடுத்த ஏமாற்றையும் பிடிக்க முடியும். நேரோபேண்ட் சென்சார் 0 முதல் 1 வோல்ட் வரை கொடுக்கும். லாம்டா 1ஐத் தாண்டும் இடத்தில் மட்டும் 0.45 வோல்ட்டைச் சுற்றிச் செங்குத்தாகத் தாவும். அது வேலை செய்வதே 'இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா' என்று சொல்லத்தான். ரிச் (பெட்ரோல் அதிகமான) பக்கம் போய்விட்டால் கோடு கிட்டத்தட்ட தட்டையாகிவிடும். லாம்டா 0.93க்கும் 0.80க்கும் இடையே வித்தியாசம் ஒரு வோல்ட்டில் சில நூறில் பங்குதான், சென்சாரின் சூடு மாறினாலே அந்த அளவு மாறிவிடும். அந்தத் தட்டையான கோட்டின் மேல் ஒரு அட்டவணையை எழுதி '11.2' என்று தசமப் புள்ளியோடு காட்டுவது வெறும் பூச்சு.

உண்மையான வைட்பேண்டில் இரண்டு செல் இருக்கும். உள்ளே ஒரு சிறிய அறை, அதில் கலவை எப்போதும் லாம்டா 1ல் இருக்கும்படி, அதாவது நெர்ன்ஸ்ட் செல் என்ற அளக்கும் செல் 450 மில்லிவோல்ட்டில் நிற்கும்படி, கன்ட்ரோலர் இன்னொரு செல் வழியாக ஆக்சிஜனை உள்ளே தள்ளும் அல்லது வெளியே இழுக்கும். அதற்கு எவ்வளவு கரண்ட் தேவைப்பட்டது என்பதுதான் அளவு. லாம்டா 1ல் அந்தக் கரண்ட் பூஜ்யம், லீன் ஆனால் ஒரு திசை, ரிச் ஆனால் எதிர்த் திசை. கூடவே போஷின் எல்எஸ்யூ 4.9 சென்சாரை சுமார் 780 டிகிரி செல்சியஸில் ஹீட்டரால் நிறுத்தி வைக்க வேண்டும். இதையெல்லாம் செய்யும் சர்க்யூட் உள்ளே இல்லாத மீட்டருக்கு எவ்வளவு நல்ல சென்சாரைப் போட்டாலும் பயன் இல்லை.

இரண்டாவது ஏமாற்றும் நடந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் 'காரில் பொருத்திவிட்டால் வாரண்டி கிடையாது' என்றார்கள். விடாமல் எழுதியதும் 'ஒரிஜினல் 4.9 சென்சார்' என்று ஒன்றை அனுப்பினார்கள், கூடவே ஸ்பேர் என்று இன்னொன்று. இப்போது வயர் எண்ணிக்கை சரி, முத்திரைகூட இருந்தது. ஆனால் எல்எஸ்யூ 4.9ன் கனெக்டருக்குள் ஒவ்வொரு சென்சாருக்கும் தனித்தனியாக லேசரால் ட்ரிம் செய்த ஒரு ரெசிஸ்டர் இருக்கும், 30 முதல் 300 ஓம் வரை எதுவாகவும் இருக்கலாம். தொழிற்சாலை அளவீடு அதில்தான் அடங்கியிருக்கிறது. எனக்கு வந்த இரண்டிலும் மல்டிமீட்டரில் அச்சு அசல் ஒரே எண். எதையும் அளந்து பார்க்காமல் ஒரே ரெசிஸ்டரை வரிசையாக வைத்து அடைத்திருக்கிறார்கள் என்று அப்போதே புரிந்தது. நண்பரின் கன்ட்ரோலரில் மாட்டியபோது திறந்த காற்றில்கூட ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. இதை விளக்கி நான் எழுதிய விமர்சனம் கொஞ்ச நாளில் அந்தப் பக்கத்திலிருந்து காணாமல் போனது.

ஆகவே எந்த மீட்டர் வாங்கினாலும், மேப்பில் ஒரு எண்ணைக்கூடத் தொடுவதற்கு முன் இவற்றைச் செய்து பாருங்கள். ஸ்விட்ச் போட்டவுடனே எண் வந்தால் சந்தேகப்படுங்கள், உண்மையானது சென்சார் சூடாகும் வரை, பத்து இருபது வினாடியாவது, 'ஹீட்டிங்' என்றோ கோடு போட்டோ காத்திருக்கும். சென்சார் கனெக்டரைக் கழற்றுங்கள், நல்ல கன்ட்ரோலர் பிழை என்று சொல்லும், போலி ஏதோ ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். சென்சாரை வெளியே திறந்த காற்றில் வைத்தால் லீன் பக்கம் கடைசி வரை போக வேண்டும், ஆக்சிஜன் சதவீதம் காட்டும் வகையானால் 20.9 அருகில். ஓட்டும்போது கியரில் வைத்துக் காலை முழுவதும் எடுத்தால் ஈசியூ பெட்ரோலை நிறுத்தும், அப்போதும் அதேபோல் கடைசி வரை லீன் ஆக வேண்டும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது: பாதுகாப்பான, ரிச்சான மேப்பில் வைத்துக்கொண்டு பூஸ்டில் பெட்ரோலை 5 சதவீதம் கூட்டுங்கள். மீட்டரும் கிட்டத்தட்ட அதே 5 சதவீதம் நகர வேண்டும். நகரவில்லை என்றால் அது அளக்கவில்லை. குறைத்துச் சோதிக்காதீர்கள், கூட்டியே சோதியுங்கள்.

சரி, பணத்தை எங்கே மிச்சம் பிடிப்பது? நிறைய இடம் இருக்கிறது. பழைய லேப்டாப் போதும். ட்யூனர் ஸ்டுடியோ, மெகாலாக் வியூவர் போன்ற ட்யூன் செய்யவும் லாக் பார்க்கவும் உதவும் மென்பொருள்களுக்கு இலவசப் பதிப்பே இருக்கிறது. ஈசியூவே மாற்றுகிற யோசனை என்றால் ஸ்பீடுயினோ மாதிரி திறந்த மூல வடிவமைப்புகள் உண்டு, ஆனால் சாலிடரிங்கில் கை பழகியிருக்க வேண்டும். வட்ட மீட்டர் வேண்டாம், கன்ட்ரோலர் மட்டும் போதும் என்றால் இன்னோவேட் எல்சி 2, 14பாயிண்ட்7ன் ஸ்பார்ட்டன் வரிசை போன்றவை, முழு மீட்டர் செட்டைவிட எளிய வழி. கன்ட்ரோலரைப் பழையதாக வாங்கினாலும் பரவாயில்லை என்பது என் கருத்து, சென்சாரை மட்டும் புதிதாக, நம்பகமான உதிரிபாகக் கடையில் வாங்குங்கள். சென்சார் எப்படியும் தேய்ந்துபோகும் பொருள்தான். ஈயம் கலந்த பெட்ரோல், சிலிக்கான் சீலன்ட் இரண்டும் அதைக் கொன்றுவிடும். பவர் கொடுக்காமல் எக்ஸாஸ்டில் விட்டுவைத்து ஓட்டினாலும் கெட்டுவிடும்.

காரின் பரிசோதனை சாக்கெட்டில் சொருகும் மலிவான ஓபிடி ப்ளூடூத் அடாப்டரை நான் குறை சொல்லவில்லை, எரர் கோடு பார்க்கவும் பொதுவான டேட்டா பார்க்கவும் அது போதும். ஆனால் பூஸ்ட் ஏறும் அந்த ஒன்றிரண்டு வினாடிக்குள் நடப்பதைப் பிடிக்க அதன் வேகம் போதாது. இன்னொன்று, ஈசியூ 'இந்த லாம்டா வேண்டும்' என்று கட்டளையிடும் எண்ணும் அதே பட்டியலில் வரும், அதை அளந்த எண் என்று நினைத்துக்கொண்டு ட்யூன் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காற்றுச் சூடு சென்சாரில் ஒரு ரெசிஸ்டரைச் சொருகி 'பவர் சிப்' என்று விற்பதை டர்போ காருக்குக் கிட்டேயே கொண்டுவராதீர்கள். ஈசியூவுக்குக் காற்று குளிர்ச்சியாக இருக்கிறது என்று பொய் சொல்வதுதான் அதன் மொத்த வேலை, சூட்டுக்காகக் குறைத்து வைத்திருந்த இக்னிஷன் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) திரும்ப ஏறிவிடும். ஈசியூவுக்குப் போகும் ஏர்ஃப்ளோ (காற்றின் அளவு) சிக்னலை நடுவில் மாற்றும் பிக்கிபேக் பெட்டிகளிலும் இதே ஆபத்து உண்டு. பெட்ரோலைக் குறைக்க சிக்னலைக் குறைத்தால் ஈசியூ லோடு குறைவு என்று நினைத்து டைமிங்கையும் முன்னால் தள்ளும். ஒரே நேரத்தில் லீனும் அட்வான்ஸும் சேர்ந்தால் பூஸ்டில் நாக்கிங்தான்.

நல்ல மீட்டர் வாங்கிய பிறகும் இரண்டு இடத்தில் எண் பொய்யாகலாம். ஒன்று, மீட்டரின் எண்ணை ஈசியூவுக்கோ லாக் மென்பொருளுக்கோ கொண்டுபோகும் 0 முதல் 5 வோல்ட் அனலாக் வயர். ஏஇஎம் எக்ஸ் சீரிஸ் மீட்டரில் 2 வோல்ட் என்றால் 12.06. இன்னோவேட்டின் வழக்கமான அமைப்பில் அதே 2 வோல்ட் 13.37. மென்பொருளில் தவறான பெயரைத் தேர்ந்தெடுத்தால் லாக் முழுவதும் பொய். மீட்டருக்கு ஒரு இடத்தில், ஈசியூவுக்கு வேறு இடத்தில் எர்த் கொடுத்தால் 0.1 வோல்ட் விலகினாலே கால் பாயிண்ட் போய்விடும். கேன் அல்லது சீரியல் என்ற டிஜிட்டல் வழி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இரண்டு, பொருத்தும் இடம். டர்போவுக்கு முன்னால் வைக்கக்கூடாது, அங்கே அழுத்தமும் சூடும் அளவைக் கெடுக்கும். டர்போவுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி, தண்ணீர் தேங்காதபடி கிடைமட்டத்திலிருந்து 10 டிகிரியாவது மேல் நோக்கி வைக்க வேண்டும். முன்னால் எங்காவது எக்ஸாஸ்ட் லீக் இருந்தாலும், மிஸ்ஃபயர் ஆனாலும் மீட்டர் லீன் என்றே காட்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் போடுகிறவர்கள் லாம்டாவிலேயே பாருங்கள். 10 சதவீத எத்தனாலுக்கு லாம்டா 1 என்பது சுமார் 14.1, ஆனால் மீட்டர் 14.7 என்றுதான் காட்டும்.

இந்த மாதிரி மீட்டரை ஏற்கெனவே மாட்டி மேப்பை மாற்றியிருந்தால், இன்றைக்கே பழைய மேப்பை ஏற்றுங்கள், பூஸ்டை வேஸ்ட்கேட் ஸ்பிரிங் மட்டும் விடும் குறைந்த அளவுக்கு இறக்குங்கள், பிளக்கைக் கழற்றிப் பீங்கானைப் பாருங்கள். மினுக்கும் துகள் தெரிந்தால் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுக்கும் வரை பூஸ்டில் ஓட்ட வேண்டாம். பிறகு சென்சாரைக் கழற்றிய நிலையில் மீட்டர் எண் காட்டுவதை வீடியோ எடுத்து, கனெக்டரில் காலியாக இருக்கும் பின்களின் படத்தோடு, 'விளம்பரத்தில் சொன்ன பொருள் இது இல்லை' என்று விற்றவரைத் தாண்டி விற்பனைத் தளத்திடமும் பணம் கட்டிய வங்கியிடமும் புகார் கொடுங்கள். இன்ஜின் கெட்டது என்று ஆரம்பித்தால் பொருத்தியதில் தவறு என்று தட்டிக்கழிப்பார்கள். வைட்பேண்ட் என்று விற்றது நேரோபேண்ட் என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்ட பிறகுதான் எனக்கு மீட்டரின் பணமாவது திரும்பி வந்தது.