கம்பி வலை வேலி: கேஜைக் கேட்கிறோம், துத்தநாகத்தைக் கேட்பதில்லை

சுவர் கட்டும்வரை இருக்கட்டும் என்று போட்ட கம்பி வலை வேலி பதினைந்து ஆண்டு நிற்பதும் உண்டு, மூன்றாம் மழைக்கே செம்பழுப்பாகி உதிர்வதும் உண்டு. இரண்டும் ஒரே தெருவில், ஒரே கேஜில் (கம்பிப் பருமனைக் குறிக்கும் எண்) போட்டவையாக இருக்கலாம். வேறுபாடு பூச்சிலும், வேலி எதையெல்லாம் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்பதிலும் இருக்கிறது.

முதலில் பூச்சு. 12 கேஜ் கம்பி ஏறத்தாழ 2.6 மி.மீ. பருமன், 10 கேஜ் 3.2 மி.மீ. கடையில் எல்லோரும் விசாரிப்பது இதைத்தான். ஆனால் துருவைத் தள்ளிப்போடுவது கம்பியின் மேல் ஏறியிருக்கும் துத்தநாகம். சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று கேட்டு, அதைப் பில்லிலும் எழுதி வாங்குங்கள். மலிவு வலையில் 60 கிராமோ அதற்கும் கீழோ இருக்கும். கனமான பூச்சு 250 கிராமை ஒட்டி வரும். ஏறத்தாழ 7 கிராம் சேர்ந்தால் ஒரு மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன். ஆக 60 கிராம் என்பது 8 மைக்ரான், 250 கிராம் 35 மைக்ரான். உப்புக்காற்று அடிக்கும் கடலோரத்தில் ஆண்டுக்கு 2 முதல் 4 மைக்ரான் வரை கரையும்; கடலையொட்டிய முதல் வரிசை வீடுகளில் அதற்கும் மேல். கடற்கரைச் சாலையோர மனையில் மலிவு வலை ஏன் நான்கு ஆண்டு தாண்டுவதில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. உள்மாவட்டங்களில் ஆண்டுக்கு ஒரு மைக்ரானுக்கும் குறைவாகக் கரையும் இடங்கள் நிறைய; அங்கே 60 கிராம் வலையே பத்தாண்டு ஓடிவிடும். கடலோரத்தில் 12 கேஜ் கனப்பூச்சா, 10 கேஜ் மலிவுப்பூச்சா என்று வந்தால் தயங்காமல் முன்னதை எடுக்கலாம்.

அடுத்தது, தொடும் இடங்கள். வலையின் நடுப்பகுதி காற்றில் காய்ந்துகொண்டே இருப்பதால் கடைசியில்தான் துருவேறும். முதலில் போவது மண்ணைத் தொடும் அடிவரிசை. வலையின் அடி, தரையிலிருந்து 2 அங்குலம் எழும்பி நிற்க வேண்டும். மழைக்குப் பின் மண் வாரி வந்து அந்த இடைவெளியை மூடிவிடும், மண்வெட்டியால் இழுத்துவிடுங்கள். வேலிக்கு அடியில் ஓர் அடி அகலத்துக்கு 3 அங்குலக் கனத்தில் முக்கால் அங்குல ஜல்லி கொட்டினால் புல்லும் குறையும், சேறும் தெறிக்காது. வேலியோரச் செடிக்கு யூரியா தூவுபவர்கள் வலையிலிருந்து ஓர் அடியாவது தள்ளித் தூவ வேண்டும். உரம் கரைந்த ஈரம் பூச்சைத் தின்னும்.

கொடிகளைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். கோவை, வேலிப்பருத்தி, பிரண்டை மூன்றும் வலையைக் கண்டால் விடாது. கொடி மூடிய இடத்தில் வெயில் படாது, மழையும் உப்பைக் கழுவாது. ஈரம் மட்டும் தங்கும். பச்சையாக இருக்கும்போது பிடித்து இழுத்தால் வலைதான் கோணும். வேரையொட்டி அடியில் வெட்டிவிட்டு இரண்டு வாரம் காயவிட்டால், பெரும்பாலும் சருகாகிக் கையோடு வந்துவிடும். பீர்க்கு, பாகல் ஏற்றுவதில் தவறில்லை. காய்ப்பு ஓய்ந்தபின் காய்ந்த கொடியை அப்படியே அடுத்த மழைக்கு விட்டுவைப்பதுதான் கெடுதல்.

மூன்றாவது, கட்டுக்கம்பி. வேலி போட வரும் ஆட்கள் கான்கிரீட் கம்பி கட்டும் கறுப்புக் கட்டுக்கம்பியாலேயே வலையையும் கட்டிவிட்டுப் போவார்கள். அதில் துத்தநாகமே கிடையாது. அது துருப்பிடிக்கத் தொடங்கினால் பக்கத்திலுள்ள வலையின் பூச்சு அதற்கும் சேர்த்துக் கரையும். 14 அல்லது 16 கேஜ் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியால், குறுக்குக் கம்பியில் ஒன்றரை அடிக்கு ஒரு கட்டு போடச் சொல்லுங்கள்.

கழுவுவதற்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். கடலோரம் என்றால் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரைக் குழாயால் பீய்ச்சினால் போதும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கழுவாமல் விடுவதே மேல். பறவை எச்சம், பாசி இருந்தால் சோப்பு நீரும் நைலான் பிரஷும். கழிவறை கழுவும் ஆசிட்டைத் தொடவே கூடாது. கம்பி பளிச்சென்று ஆகும். பளிச்சென்று தெரிவது பூச்சு கரைந்துபோன வெறும் இரும்பு.

பெயிண்ட் விஷயத்தில் பணம் வீணாவது அதிகம். புது ஜி.ஐ. மேல் சாதாரண எண்ணெய் எனாமல் அடித்தால் சில மாதத்தில் தோல் உரியும். எண்ணெயும் துத்தநாகமும் வினைபுரிந்து இடையில் சோப்பு போன்ற படலம் உண்டாவதே காரணம். ஜி.ஐ.க்கென்று உள்ள பிரைமர் இல்லாமல் புது வலையைத் தொடாதீர்கள். துரு கண்ட இடத்துக்கு மட்டும்: வயர் பிரஷ், உப்புத்தாள், தின்னர் துடைப்பு, பிறகு ஜிங்க் ரிச் பிரைமர் (துத்தநாகத் தூள் நிறைந்த முதல் பூச்சு). அது வெறும் இரும்பைத் தொட்டால்தான் வேலை செய்யும், துரு மேல் பூசினால் வெறும் சாயம்தான். கடையில் அதற்குப் பதிலாக அலுமினியம் பெயிண்டை நீட்டுவார்கள். நிறம் ஒன்றுதான், துத்தநாகம் இருக்காது. பிப்ரவரி, மார்ச்சில் காலைப் பனி காய்ந்தபின் அடிப்பது நல்லது.

வேலிக்கால்களில் கவனிக்க வேண்டியது மூலைக்கால். வலையின் இழுவை முழுவதும் அதன் மேல்தான். இரு பக்கமும் சாய்வு முட்டுக்கால் இல்லையென்றால் உள்பக்கம் சாயும். சாய்ந்ததை நிமிர்த்துமுன் வலையையும் குறுக்குக் கம்பியையும் அவிழ்த்துத் தளர்த்துங்கள். இழுவையோடு தள்ளினால் கால் தரைமட்டத்தில் விரிசல் விடும். கரிசல் மண்ணில் 2 அடிக் குழி போதாது, 3 அடி வேண்டும். கோடையில் மண் வெடித்துக் காலை விட்டு விலகிவிடும். சிமெண்ட் காலில் நெடுக்காக விரிசல் தெரிந்தால் உள்ளே கம்பி துருவேறி உப்பியிருக்கிறது. தளர்ந்ததைக் கொத்தி, கம்பியைத் தேய்த்து, எஸ்.பி.ஆர். லேட்டெக்ஸ் (சிமெண்ட் நன்றாக ஒட்டச் சேர்க்கும் பால் போன்ற திரவம்) கலந்த 1:3 சிமெண்ட், மணல் கலவையால் பூசலாம். விரிசல் தரைமட்டத்தில் குறுக்காக ஓடினால் பூச்சு வேலை வீண்; காலையே மாற்ற வேண்டும்.

வலையில் ஓர் இடம் அறுந்தால் சுருள் முழுவதும் மாற்ற வேண்டியதில்லை. அறுந்த கம்பியின் மேல்முனை மடிப்பையும் கீழ்முனை மடிப்பையும் கொறடால் பிரித்து, திருகிக்கொண்டே மேலே இழுத்தால் தனியாகக் கழன்று வரும். புதுக் கம்பியை அதே வழியில் திருகி இறக்கி முனைகளை மடிக்கலாம். இதற்காகவே வேலி போடும்போது மிஞ்சும் துண்டு வலையைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாமல் மாடிப்படிக்கு அடியில் வையுங்கள். வேறு மெஷினில் பின்னிய 2 அங்குல வலையின் வளைவு பெரும்பாலும் இதனோடு பொருந்தாது.