விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க ஓர் இதழ்

பிடித்த கணினி இதழ் எது என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் டாக்டர் டாப்ஸ் ஜர்னல் என்பேன். ‘பைட்’ இதழுக்காக ராபர்ட் டின்னி வரைந்த அட்டை ஓவியங்களை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் என்னை உட்காரவைத்து நிரல் எழுதவைத்தது டாப்ஸ்தான்.

டைனி பேசிக் என்ற எளிய நிரல்மொழிக்காக 1976 ஜனவரியில் தொடங்கிய இதழ் இது. அச்சுப் பதிப்பு 2009-இல் நின்றுவிட்டது. நான் படிப்பது ஸ்கேன் பிரதிகளைத்தான்.

சென்ற வாரம் 1991 ஜூலை இதழை மறுபடி எடுத்தேன். நிரலாளர் மைக்கேல் அப்ராஷ் ‘மோட் எக்ஸ்’ வரைகலை முறையை விளக்கிய இதழ். திரையில் படம் காட்டும் விஜிஏ அட்டையில் 256 கிலோபைட் நினைவகம் இருந்தும், அன்று பலரும் பயன்படுத்திய 320×200 முறையில் 64 கிலோபைட்டுக்கு மேல் எட்டாது. அவர் நினைவகத்தை நான்கு தளங்களாகப் பிரித்து, அடுத்தடுத்த புள்ளிகளை வெவ்வேறு தளத்தில் வைத்து, 320×240 திரையை வரவழைக்கிறார். புள்ளிக்கு ஒரு பைட் என்றால் மொத்தம் 76,800 பைட், தளத்துக்கு 19,200. ஆக, அட்டையின் 256 கிலோபைட்டில் மூன்று முழுத் திரைகள் ஒரே நேரத்தில் இருக்கும். ஒன்றைக் காட்டிக்கொண்டே மற்றொன்றில் வரையலாம். தாளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

நிரலை வரிவரியாகத் தட்டி பழைய டாஸ் இயங்குதளம்போல நடந்துகொள்ளும் எமுலேட்டரில் ஓட்டினேன். படம் வந்தது, ஆனால் அடுத்தடுத்த நான்கு புள்ளிகள் ஒரே நிறத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. ஒரு மாலை முழுவதும் தேடினேன். அட்டைக்குக் கட்டளை அனுப்பும் போர்ட் எண்ணில் ‘சி’ இருக்கவேண்டிய இடத்தில் ‘டி’ என்று தட்டியிருந்தேன். என்னிடம் இருந்த ஸ்கேனில் அந்த எழுத்து மங்கியிருந்தது. தளத்தைத் தேர்ந்தெடுக்கும் கட்டளை போய்ச் சேரவே இல்லை. அதனால் ஒவ்வொரு புள்ளியும் நான்கு தளங்களிலும் விழுந்திருக்கிறது. கட்டுரையை விளங்கிப் படித்திருந்ததால்தான் கோளாற்றின் தோற்றத்திலிருந்தே காரணத்தைப் பிடிக்க முடிந்தது. இந்தப் பயிற்சியை வேறு எந்த இதழும் எனக்குக் கொடுத்ததில்லை.

முழுதாகக் கொடுப்பது இந்த இதழின் குணம். 1980 மே மாதம் ரான் கெயினின் ஸ்மால்-சி கம்பைலர் (சி மொழி நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கருவி) மூலநிரலோடு வெளியானது. யூனிக்ஸ் இயங்குதளத்தை இன்டெல் 386 சில்லுள்ள கணினிக்குக் கொண்டுவந்த கதையை வில்லியம், லின் ஜோலிட்ஸ் இருவரும் 1991 ஜனவரியிலிருந்து தொடராக எழுதினார்கள். ஓர் இயங்குதளம் உருவாவதை இதழ் இதழாகப் படித்த அந்தக் கால வாசகர்கள்மீது எனக்குப் பொறாமைதான்.

புதிய கருவிகளைப் பற்றிய செய்தி வேண்டுபவர்களுக்கு இது உதவாது; விளம்பரப் பக்கங்களையும் நிறையத் தாண்டவேண்டும். சி மொழி ஓரளவு தெரிந்து, கணினியின் உள்ளே நடப்பதை அறியத் துடிப்பவர்கள் 1991 ஜூலையிலிருந்தே தொடங்கலாம். தெளிவான பிரதியாகப் பார்த்து எடுங்கள்.

எனக்கு அடுத்தது ஸ்மால்-சி. அச்சிட்டு மேசையில் வைத்திருக்கிறேன்.