படகுச் சுவருக்குப் பலகை: ஒட்டுவதா, மரச்சட்டம் வைத்துப் பூட்டுவதா?

நுவரெலியா கிரகரி வாவியில் விட வைத்திருக்கும் சின்ன ஃபைபர் பாய்ப்படகுக்கு உள்ளே பிளைவூட் போட இறங்கியபோது, நேரே ஒட்டிவிடலாம் என்றுதான் நினைத்தோம். ஃபைபரை சாண்ட்பேப்பரால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, பொலியூரித்தேன் பசை பூசி, காயும்வரை முட்டுக் கொடுத்தால் வேலை முடிந்தது. எடை கூடாது, இடமும் போகாது.

ஆனால் இது நுவரெலியா. 1,868 மீற்றர் உயரம். விடியக்காலையில் பார்த்தால் உட்சுவர் வியர்த்து நிற்கும், விரலால் கோடு இழுத்தால் தண்ணீர் ஓடும். அந்த ஈரம் பலகைக்குப் பின்னால் தங்கினால் பிளைவூட் ஏடு ஏடாகப் பிரியும், அப்புறம் ஒரு வயர் இழுக்க வேண்டுமென்றாலும் பலகையை உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

சுவருக்கும் பலகைக்கும் நடுவில் சட்டம் வைப்பது கூடுதல் வேலைதான். 18 மில்லிமீற்றர் மரச்சட்டத்தின் பின்பக்கம் மரம் அறுக்கும் வாளால் பாதி ஆழத்துக்குக் கீறல் கீறலாக அறுத்தால் படகின் வளைவுக்கு வளைந்து கொடுக்கும், அதை எபொக்சியால் (இரண்டு பாகத்தைக் கலந்து பூசும் பசை) ஒட்டி, மேலே 6 மில்லிமீற்றர் பலகையை 16 மில்லிமீற்றர் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவால் பூட்டலாம். மச்சான் ஒரு அங்குல ஸ்க்ரூவை எடுத்தார். அது 25 மில்லிமீற்றர், நேரே ஃபைபரில் போய் முட்டும்! பலகைக்கு மேலேயும் கீழேயும் இடைவெளி விட்டால் பின்னால் காற்று ஓடும். குளிரில் எபொக்சி மெதுவாகத்தான் இறுகும், ஆகவே வெயில் ஏறியபிறகு கலக்குங்கள்.

எனக்குச் சட்டம்தான் சரி. கொழும்பில் கூரைக்குக் கீழே நிற்கும் படகென்றால் ஒட்டியிருப்பேன்.