குன்னூர் மழையில் பொட்டிக் உடைகள்: நீண்ட நாள் உடுத்திப் பார்த்ததில்

தனி வடிவமைப்பாளர்கள் நடத்தும் சின்னத் துணிக்கடைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வாங்கிய வாரத்திலேயே எழுதிவிடுகிறார்கள். அந்த உடை அதுவரை ஒரு தடவைகூட நனைந்திருக்காது. சென்னையிலும் பெங்களூருவிலும் இப்படிப்பட்ட பொட்டிக்குகளில் வாங்கியவற்றையும், இங்கே நீலகிரியிலேயே வாங்கியவற்றையும் பல மழைக்காலங்கள் உடுத்தி, துவைத்து, பிரித்துத் தைத்து வைத்திருக்கிறேன். அந்த அனுபவத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். குன்னூரில் குடியிருக்கிறேன், ஊட்டியில் ஒரு பள்ளியில் ஆசிரியர் வேலை. தினமும் பஸ்ஸில் அருவங்காடு, கேத்தி வழியாக ஏறி இறங்கும்போது ஏறத்தாழ 400 மீட்டர் உயரம் மாறுகிறது. காலையில் கிளம்பும்போது போதுமாக இருந்த சட்டை ஊட்டியில் இறங்கும்போது போதாது. உடைக்கு இதைவிடக் கடுமையான தேர்வு வேண்டியதில்லை.

முதலில் நகரத்துக் கடைகள். தங்கை சென்னையில் இருப்பதால் கோடை விடுமுறை தவறாமல் அங்கேதான். நுங்கம்பாக்கம் காதர் நவாஸ்கான் சாலை, ஆழ்வார்பேட்டை, பெசன்ட் நகர் என்று வீட்டின் முன்பகுதியையே கடையாக்கியிருக்கும் இடங்களை இருவரும் நடந்தே தேடிப் போவோம். இந்தக் கடைகளில் எனக்குப் பிடித்தது, உடையை வடிவமைத்தவரே பல சமயம் கல்லாவில் உட்கார்ந்திருப்பது. துணி எந்த ஊரில் நெய்தது, ஏன் இந்தக் கை இவ்வளவு அகலம், முதல் துவைப்பில் எவ்வளவு சுருங்கும் என்று கேட்டால் பதில் வரும். பெரிய ஜவுளிக்கடையில் நான்கு மாடி ஏறி இறங்கினாலும் இந்தப் பதில் கிடைக்காது. இன்னொன்று, ஒரு வடிவத்தில் சில உருப்படிகளே தைப்பார்கள். திருமண வீட்டில் எதிரே அதே குர்த்தாவைப் பார்க்கும் சங்கடம் இல்லை. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. உங்கள் அளவு தீர்ந்துவிட்டால் தீர்ந்ததுதான். தைத்துத் தருகிறேன் என்பார்கள். மூன்று வாரம் என்று சொன்னது ஆறு வாரமாகும். மலைக்கு அனுப்பிவைக்கச் சொன்னால் தயங்குகிற கடைகளும் உண்டு.

துணி மட்டும் எடுப்பதாக இருந்தால் நான் இன்னமும் கோ-ஆப்டெக்ஸுக்குத்தான் போகிறேன். 1935 முதல் இருக்கும் கூட்டுறவு அது. அங்கே எடுத்த கைத்தறிப் பருத்தியை நல்ல தையல்காரரிடம் கொடுத்தால் பொட்டிக் விலையில் பாதிக்குள் முடிந்துவிடும். அப்படியானால் பொட்டிக்கில் நாம் எதற்காகப் பணம் கொடுக்கிறோம்? வெட்டுக்கு. தோளில் அது உட்காரும் விதத்துக்கு. இது நியாயமான செலவு என்பதே என் கருத்து. பாக்கி வேலையும் அதே அக்கறையோடு செய்திருந்தால்.

அந்தப் பாக்கி வேலை மலையில்தான் வெளிச்சத்துக்கு வருகிறது. ஊட்டிக்கும் கூடலூர்ப் பக்கத்துக்கும் தென்மேற்குப் பருவமழை முக்கியம். குன்னூரையும் கோத்தகிரியையும் நனைப்பது பெரும்பாலும் வடகிழக்கு மழை. இரண்டு ஊருக்கும் போய்வருகிற என்னைப் போன்றவர்களுக்கு ஜூன் முதல் டிசம்பர் வரை ஈரம்தான். துவைத்த துணி கொடியில் நாள்கணக்கில் தொங்கும். காய்ந்ததுபோல் இருக்கும், கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்றிருக்கும். அப்படியே மடித்து வைத்தால் அலமாரிக்குள் பூஞ்சை வாடை கிளம்பிவிடும்.

ரேயான் துணிகள் இங்கே முதலில் தோற்றன. நனைந்தால் வலுவிழக்கிற இழை அது. ஈரத்தின் எடையில் கொடியிலேயே நீண்டு, ஓரம் ஏற்ற இறக்கமாகிவிடுகிறது. நகரத்துக் கடைகளில் ‘உடம்பில் அப்படியே வழிந்து நிற்கும்’ என்று எடுத்துக்காட்டும் துணிகளில் பல இதுதான். சென்னைக்கு அது சரி. அடுத்தது அவுரிச் சாயம். எனக்கு மிகவும் பிடித்த நீலம் அது. நம் திண்டிவனம் பக்கமே அவுரி விளைகிறது. ஆனால் அவுரி இழையோடு முழுதாகக் கலப்பதில்லை, மேலே படிந்து நிற்கிறது. உரசினால் உதிரும். ஈரமான பஸ் இருக்கையில் தோள்பை உரச உரச, பையின் வார் முழுக்க நீலமாகிவிட்டது. தோய்க்கும் முறை தெரிந்தவர் செய்த உடையில் இது சில துவைப்புகளில் அடங்குகிறது. அவசரமாகத் தோய்த்ததில் கடைசிவரை அடங்குவதில்லை. கடையிலேயே வெள்ளைக் கைக்குட்டையை லேசாக நனைத்து உள்மடிப்பில் தேய்த்துப் பாருங்கள். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இரும்புக் கொக்கி வைத்த ரவிக்கைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விலையுயர்ந்த ஒரு பட்டு ரவிக்கையில், ஒரே ஒரு நவம்பரில், ஒவ்வொரு கொக்கியைச் சுற்றியும் துருப்பிடித்த வட்டம் விழுந்துவிட்டது. அது போகவே இல்லை. ஒரு கொக்கிக்கு எவ்வளவு மிச்சம் பிடித்திருப்பார்கள்? அதைத் தைத்த பொட்டிக்கில் சொன்னபோது, மலை ஈரத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். பித்தளைக் கொக்கியோ துணிப் பொத்தானோ வைத்திருந்தால் அந்த ரவிக்கை இன்றும் இருந்திருக்கும். சிரட்டைப் பொத்தான்கள் என்னிடம் ஒன்றுகூடப் பழுதாகவில்லை.

உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த குளிர்ச்சட்டைகளும் அழகானவைதான். ஆனால் பஞ்சு ஈரத்தை இழுத்துக்கொண்டு விடாது. டிசம்பர் முடிந்து உறைபனிக் காலத்தில், வெயில் பளிச்சென்று அடிக்கும் நாட்களில் மட்டும்தான் அவற்றை வெளியே எடுக்கிறேன்.

இனி தையலின் உள்பக்கம். குன்னூர் மார்க்கெட் பக்கத்தில் வயதான ஒரு தையல்காரர் இருக்கிறார். என் பொட்டிக் உடைகளுக்கெல்லாம் இரண்டாம் ஆயுள் கொடுத்தவர் அவர்தான். நகரத்தில் வாங்கிய ஒரு நீள அங்கியை, உள்ளே கம்பளிச் சட்டை போடத் தோதாக, சற்றுத் தளர்த்தித் தரச் சொல்லிக் கொடுத்தேன். அதை உள்புறம் வெளிப்புறமாகத் திருப்பி, ஓரத்தை விரலால் நீவிப் பார்த்தார். “டீச்சரம்மா, உள்ளே அரை விரல்கூடத் துணி விடவில்லையே. ஓவர்லாக் அடித்து வெட்டிவிட்டார்கள். எதைப் பிரித்து நான் எங்கே கொடுக்க?” என்றார். பிறகு இன்னொரு கடையின் குர்த்தாவை எடுத்தார். பக்கவாட்டில் இரண்டு புறமும் ஒரு அங்குலம் மடித்துத் தைத்திருந்தது. கீழ் ஓரத்தில் மூன்று விரல் மடிப்பு. “இது தன் வீட்டு ஆட்களுக்குத் தைப்பதுபோல் தைத்தது” என்றார். அந்தக் குர்த்தாவை இரண்டு தடவை தளர்த்தியாகிவிட்டது. இன்னமும் அதைத்தான் ஆசையாக உடுத்துகிறேன். இப்போதெல்லாம் கடையில் ஓர் உடையை எடுத்தால் முதலில் உள்பக்கத்தைத் திருப்பித்தான் பார்க்கிறேன். உடம்பு ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்று தெரிந்து தைக்கிறவரிடம் வாங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

எனக்கென்று ஒரு பாணி வந்ததும் இந்த ஊரால்தான். நகரத்தில் உடையின் முன்பக்கம் முழுவதும் கண்ணில் படும். இங்கே பத்து மாதம் மேலே ஒரு ஸ்வெட்டரோ கோட்டோ இருந்துகொண்டே இருக்கும். மார்புக்கு நேரே எவ்வளவு வேலைப்பாடு இருந்தாலும் அது பொத்தான்களுக்குள் மறைந்துவிடும். வெளியே தெரிவது கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் மூன்றும்தான். இது புரிந்தபிறகு என் தேர்வு எளிதானது. கழுத்தில் கரை வைத்தது, கைநுனியில் மடித்துவிட்டால் வேறு நிறம் தெரிவது, கீழ் ஓரத்தில் கனமான பட்டை உள்ளது என்று பார்த்து வாங்குகிறேன். மேலே போடும் கோட்டு ஒரே நிறம், அடர் பச்சை. பனிமூட்டத்தில் சாம்பலும் வெளிர்நீலமும் கரைந்துபோய்விடும். மஞ்சளும் செங்காவியும் தூரத்திலேயே தெரியும். வெள்ளையும் இந்த மலையில் எடுப்பான நிறம். ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் படுகர் ஊர்களில் பெண்களும் ஆண்களும் வெள்ளை உடுத்தி வரிசையாகத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே நடந்து வருவதைப் பார்த்தவர்களுக்கு, எந்த வடிவமைப்பாளரும் அதற்கு மேல் சொல்லித்தர ஒன்றுமில்லை.

வெளியே தெரியும் அந்த ஓரங்களுக்கு நான் கண்டுகொண்ட மிகச் சிறந்த பொருள், நீலகிரியின் பழங்குடிகளான தோடர்களின் எம்பிராய்டரி. இதற்கு நான் கொடுத்த பணம் ஒவ்வொரு ரூபாயும் தகும். கெட்டியான, பழுப்பு வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல். தோடர்களின் பூத்குளிப் போர்வையில் வருவது இதுதான். ஊட்டிக்குப் பக்கத்தில் ஒரு மந்தில் (தோடர் குடியிருப்பில்), வெயில் விழும் திண்ணையில் உட்கார்ந்து ஒரு அக்கா தைப்பதை அருகிலிருந்து பார்த்தேன். சட்டகம் இல்லை. துணியில் பென்சில் கோடு இல்லை. பாவு நூலையும் ஊடு நூலையும் கண்ணால் எண்ணி ஊசியை ஓட்டுகிறார். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியிலிருந்து கணக்காக நகர்ந்து, கோணம் தானாக வருகிறது. திரும்பும் இடத்தில் நூலை இறுக்கி இழுக்காமல் சிறிய வளையமாக விடுகிறார். அந்த வளையங்கள்தான் தையலுக்கு மேடு பள்ளமான தடிப்பைக் கொடுக்கின்றன. தடவிப் பார்த்தால் தறியிலேயே நெய்ததோ என்று தோன்றும். “ஒரு நூல் தவறினால் என்ன ஆகும், அக்கா?” என்று கேட்டேன். “அங்கிருந்து பிரிக்க வேண்டியதுதான்” என்று சொல்லிவிட்டு எண்ணிக்கையைத் தொடர்ந்தார்.

2013-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடர் நலவாழ்வுச் சங்கத்தோடு கோத்தகிரியின் கீஸ்டோன் அமைப்பும் அரசின் பூம்புகார் நிறுவனமும் சேர்ந்து வாங்கித் தந்தார்கள். ஆனாலும் சுற்றுலாத் தெருக்களில் அதே வடிவத்தை அச்சடித்த சால்வைகளும் இயந்திரத்தில் தைத்தவையும் தோடர் சால்வை என்ற பெயரிலேயே விற்கின்றன. இதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. வாரக்கணக்கில் எண்ணித் தைத்தவருக்குப் போக வேண்டிய காசு அது. பின்பக்கத்தைத் திருப்பினால் வேறுபாடு தெரிந்துவிடும். அச்சடித்தது பின்னால் வெளுத்திருக்கும். இயந்திரத் தையலில் பின்புறம் வேறொரு மெல்லிய நூல் ஓடும். சில சமயம், தைக்கும்போது துணிக்கு அடியில் வைக்கும் தாங்குதாள் ஒட்டிக்கொண்டிருக்கும். கைத்தையலை இரண்டு பக்கமும் உடுத்தலாம். கோத்தகிரியில் லாஸ்ட் ஃபாரஸ்ட் கடையில் வாங்கிய மேலாடைதான் என்னிடம் அதிகம் உழைத்தது. சாயம் போகவில்லை, கோணவில்லை. பேருந்தில் ஏறும்போது வளையங்கள் எங்காவது மாட்டி இழுபடும், அது ஒன்றுதான் கவனிக்க வேண்டியது. நகைக் கொக்கி, பையின் ஜிப் இரண்டையும் அண்டவிடாதீர்கள்.

கம்பளி என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவி, தட்டில் வைத்துக் கொளுத்தினால் உண்மையான கம்பளி முடி கருகும் வாடையோடு பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாகும். அக்ரிலிக் மோசம் என்று சொல்ல மாட்டேன், ஈரத்தில் சீக்கிரம் காய்கிறது, பள்ளிப் பிள்ளைகளுக்கு அதுவே வசதி. கம்பளி விலைக்கு விற்பதுதான் தவறு. ஊட்டி அருகே சாண்டிநல்லாவில் செம்மறி ஆட்டு இன ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. மெல்லிய உரோமத்துக்குப் பெயர்பெற்ற நீலகிரிச் செம்மறி ஆடு நம் ஊர் இனம். அந்த உரோமத்தில் உள்ளூரிலேயே ஒரு நல்ல சால்வை கடைக்கு வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

குன்னூர் பெட்ஃபோர்டு பக்கமும் ஊட்டியிலும் சின்ன பொட்டிக்குகள் இருக்கின்றன. ஏப்ரல், மே சீசனில் அங்கே போகாதீர்கள். கூட்டத்தில் யாருக்கும் நின்று பேச நேரம் இருக்காது. ஜூலையில் மழை நாளில் போனால் கடைக்காரர் உள்ளே இருக்கும் துணிச் சுருள்களையெல்லாம் எடுத்துப் போடுவார், தைப்பவரையும் கூப்பிடுவார். என் கோட்டு அப்படி ஒரு மதியத்தில் பேசிப் பேசி வடிவம் எடுத்ததுதான்: கழுத்தைச் சற்று உயர்த்தி, தோடர் பட்டையைக் கைநுனியில் மட்டும் வைத்து, சட்டைப் பையை உள்பக்கம் தைத்து.

பராமரிப்பில் எனக்குப் பலன் தந்தவை சில. உடுத்தும் முன்பு இஸ்திரி போடுவது போதாது, மடித்து வைக்கும் முன்பும் ஒரு சூடு காட்ட வேண்டும். கம்பளிக்கு நடுவே, தைலம் நனைத்த பஞ்சைச் சின்னத் துணிப்பையில் கட்டி வைக்கிறேன். நீலகிரித் தைலத்துக்கு இங்கே பஞ்சமில்லை. நேரடியாகத் துணியில் பட்டால் கறை விழும், அதனால்தான் பை. வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் அலமாரிக் கதவைத் திறந்து போட்டுவிடுங்கள்.

நகரத்துக் கடைகளுக்குப் போகும்போது இப்போது மூன்று கேள்விகள் கேட்கிறேன்: உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறீர்கள், கொக்கி என்ன உலோகம், ஓர் ஆண்டு கழித்துக் கொண்டுவந்தால் பிரித்துத் தருவீர்களா. மூன்றாவது கேள்விக்கு யோசிக்காமல் ஆம் என்று சொன்ன கடைகள் சென்னையில் எனக்கு இரண்டு கிடைத்திருக்கின்றன. அடுத்த மே மாதம் தங்கையின் பெண்ணுக்கு அங்கேதான் எடுக்கப் போகிறோம்.