பஞ்சரான கார் டயர்: ஸ்ட்ரிப் போதுமா, மஷ்ரூம் வேண்டுமா?

எனக்கு வீடு நாகமலை புதுக்கோட்டையில். சொந்த ஊர் உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம். அம்மா அங்கே தனியாக இருப்பதால் வாரம் ஒரு முறை காரில் போய்வருகிறேன். செக்கானூரணி வழியாகப் போகும் தேனி சாலையில் ஒரு தொந்தரவும் இல்லை. அதிலிருந்து பிரிந்து ஊருக்குள் போகும் கடைசி நான்கு கிலோமீட்டரில்தான் டயருக்குச் சோதனை. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். யாராவது விறகுக்கு வெட்டி இழுத்துப் போயிருந்தால் அன்றைக்குச் சாலை முழுக்க முள் கிடக்கும். மதுரைக்குத் திரும்பினால், ரிங் ரோட்டுப் பக்கம் புதுக் கட்டிடம் எழும்பும் இடமெல்லாம் ஆணியும் கட்டுக்கம்பித் துண்டும். பஞ்சர் கடையில் நான் நின்ற நேரம் கொஞ்சமல்ல.

ட்யூப்லெஸ் டயரைக் கொண்டுபோய் நிறுத்தினால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "ஸ்ட்ரிப் போடவாண்ணே, மஷ்ரூம் வைக்கவா?" ஸ்ட்ரிப் என்றால் என்னிடம் 150 ரூபாய் வாங்குகிறார்கள். மஷ்ரூம் என்றால் சக்கரம் ஆடாமல் சுழல எடை சரிசெய்யும் வீல் பேலன்சிங்கோடு சேர்த்து 500 வரை ஆகிறது. ஸ்ட்ரிப்புக்குப் பத்து நிமிடம், மஷ்ரூமுக்கு முக்கால் மணி நேரம். இதைக் கேட்டால் யாரும் "ஸ்ட்ரிப்பே போடுங்க" என்றுதான் சொல்வார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொன்னேன். இப்போது சொல்வதில்லை. ஏன் என்று விளங்க வேண்டுமானால் டயருக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ட்யூப்லெஸ் டயரில் ட்யூப் செய்த வேலையைச் செய்வது அதன் உட்புறத்தில் பூசியது போல இருக்கும் மெல்லிய ரப்பர் படலம். காற்று எளிதில் ஊடுருவாத பியூட்டைல் வகை ரப்பர் அது. அதற்கு மேலே நூலிழை அடுக்கு, அதற்கு மேலே இரும்புக் கம்பிகள் பின்னிய பட்டை, எல்லாவற்றுக்கும் மேலே தரையில் படும் ட்ரெட். ஆணி ஏறும்போது இத்தனையையும் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது. ஓட்டையை அடைப்பது என்றால் இரண்டு வேலை: உள்ளே காற்றைப் பிடிக்கும் படலத்தை ஒட்ட வேண்டும், வெளியிலிருந்து தண்ணீரும் மண்ணும் கம்பிப் பட்டைக்குப் போகாதபடி துளையை நிரப்ப வேண்டும்.

ஸ்ட்ரிப் இரண்டாவது வேலையைத்தான் செய்கிறது. ஆணியைப் பிடுங்கிவிட்டு, அரம் போன்ற முறுக்குக் கம்பியை ஓட்டைக்குள் விட்டு நாலைந்து தடவை ஏற்றி இறக்குவார்கள். பிறகு பசை ஊறிய திரியை ஊசியில் கோத்து உள்ளே குத்தி, ஊசியை மட்டும் வெடுக்கென்று வெளியே இழுத்துவிடுவார்கள். திரி உள்ளே மடங்கி நின்று துளையை அடைத்துக்கொள்ளும். நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டால் முடிந்தது. டயரை ரிம்மிலிருந்து கழற்றுவதே இல்லை. பல நேரம் சக்கரத்தைக் கூடக் கழற்றுவதில்லை.

இதன் அருமை ராத்திரியில் தெரியும். ஆண்டிபட்டிக் கணவாயில் இருட்டில் நிற்கும்போது, வேறு எதையும் யோசிக்காமல் பத்து நிமிடத்தில் கிளம்ப வைப்பது ஸ்ட்ரிப்தான். டயர் தேயும் வரை தாங்கிய ஸ்ட்ரிப்பும் உண்டு. என் சின்ன மாமா காரில் மூன்று வருடம் ஓடியது. அதனால் ஸ்ட்ரிப் மோசம் என்று ஒரேயடியாக ஒதுக்க மாட்டேன்.

ஆனால் அந்த அரத்தை நினைத்துப் பாருங்கள். கருவேல முள் போடும் ஓட்டை மில்லிமீட்டர் கணக்கில் ஒன்றோ ஒன்றரையோ இருக்கும். திரி நுழைய வேண்டும் என்பதற்காக அதை அகலப்படுத்துகிறோம். அப்படி ராவும்போது நூலிழையும் அறுபடுகிறது. சின்ன காயத்துக்குப் பெரிய காயம் மருந்தாகிறது. நம் பக்கத்துக் கிராமச் சாலையில் ஓடுகிற காருக்கு ஆணியைவிட முள்தான் அதிகம் என்பதால் இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

மஷ்ரூம் என்பது பெயருக்கேற்ற காளான் வடிவ ஒட்டு. வட்டத் தலை டயரின் உட்புறத்தில் ஒட்டும், தண்டு துளை வழியாக வெளியே வரும். டயரை மெஷினில் போட்டுக் கழற்றி, உட்புறத்தில் ஓட்டையைச் சுற்றி மெதுவாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, சொல்யூஷன் என்கிற ரப்பர் பசையைத் தடவி அது கொஞ்சம் உலர்ந்த பிறகு, தண்டை உள்ளிருந்து வெளியே இழுத்து, தலையை உருளையால் அழுத்தி ஒட்ட வேண்டும். உள்படலமும் ஒட்டப்படுகிறது, துளையும் நிரம்புகிறது. சொல்யூஷன் உலரும் அந்தச் சில நிமிடம் முக்கியம். ஈரத்தோடு அவசரமாக ஒட்டினால் ஓரம் தூக்கிக்கொள்ளும். நல்ல கைக்காரர் அந்த நேரத்தில் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டுத் திரும்பி வந்து ஒட்டுவார். தண்டும் தடிமன் வாரியாக வருகிறது. துளைக்குப் பொருந்துவதைக் கேட்டு வாங்க வேண்டும். முள் குத்திய ஊசி ஓட்டைக்கு மெல்லிய தண்டு போதும்.

இதெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். மஷ்ரூமில் எனக்கு மிகப் பெரிய ஆதாயம், டயரைக் கழற்றியே ஆக வேண்டும் என்பதுதான். கழற்றினால்தான் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று தெரியும்.

இரண்டு வருடம் முன்பு இது நடந்தது. இடது பின் டயரில் ஏற்கெனவே ஒரு ஸ்ட்ரிப். எட்டு மாதம் ஓடிவிட்டது. வாரத்துக்கு நாலைந்து பவுண்டு காற்று குறைந்துகொண்டே வந்தது. நானும் அடித்து அடித்து ஓட்டினேன். திருமங்கலம் தாண்டி விருதுநகர் போகும் வழியில் கார் ஒருபக்கம் இழுத்தது. இறங்கிப் பார்த்தால் டயர் பாதி உட்கார்ந்திருந்தது. ஸ்டெப்னி மாற்றி, மறுநாள் கடையில் டயரைக் கழற்றினோம். பழைய ஸ்ட்ரிப்பைச் சுற்றித் துருக்கறை. அதைவிட மோசம், டயருக்குள் ஒரு கைப்பிடி கறுப்புப் பொடி. "இது என்னண்ணே?" என்றேன். "காத்து இல்லாம ஓட்டியிருக்கீங்க சார். சைடு வால் உள்ளுக்குள்ள அரைபட்டுப் போச்சு. இதுல ஒட்டி ஹைவேஸ்ல போகாதீங்க" என்றார். சைடு வால் என்றால் டயரின் பக்கச் சுவர். வெளியே பார்த்தால் டயரில் ஒரு கீறல் கிடையாது. அன்று அவர் வெறும் ஸ்ட்ரிப் போடுகிறவராக இருந்திருந்தால் இன்னொரு திரியைச் செருகி அனுப்பியிருப்பார், நானும் நாலு வழிச்சாலையில் நூறில் போயிருப்பேன். அந்த அண்ணனுக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

ஆகவே என் கணக்கு இது. ஊருக்குள்ளேயே அறுபதைத் தாண்டாமல் ஓடும் கார், ட்ரெட்டின் நடுவில் ஆணி, டயரும் தேயப் போகிறது என்றால் ஸ்ட்ரிப் போட்டுக்கொள்ளலாம். குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகிற கார், டயரில் இன்னும் பாதி ஆயுள் இருக்கிறது என்றால் மஷ்ரூம். வழியில் ஸ்ட்ரிப் போட நேர்ந்தாலும், அதே வாரத்தில் கழற்றி உள்ளே பார்த்து மஷ்ரூமாக மாற்றிக்கொள்கிறேன். 350 ரூபாய் வித்தியாசம் ஒரு புது டயரின் விலையில் மிகச் சிறு பங்கு.

இரண்டுக்கும் பொதுவான எல்லை ஒன்று உண்டு. ட்ரெட்டின் நடுப்பகுதியில், 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத ஓட்டையை மட்டுமே ஒட்டலாம். ட்ரெட் முடிந்து பக்கவாட்டுக்கு வளையும் தோள்பட்டையிலும் சைடு வாலிலும் எந்த ஒட்டும் சரிப்படாது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் மடங்கி விரிகிறது, ஒட்டு அதைத் தாங்காது. டிராக்டர் டயரில் சூடு வைத்து ஒட்டுகிறார்களே என்று கேட்பார்கள். டிராக்டர் போகிற வேகம் வேறு, கார் போகிற வேகம் வேறு.

அலாய் வீல் வைத்திருப்பவர்கள் மஷ்ரூமுக்குப் போகும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: கடையில் டயர் கழற்றும் மெஷின் இருக்கிறதா? கடப்பாரை போட்டு நெம்புகிற இடத்தில் ரிம் விளிம்பு அடிபட்டுவிடும், பிறகு விளிம்பிலிருந்தே காற்று கசியும். மெஷின் இல்லாத இடத்தில் ஸ்ட்ரிப்பே மேல்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டயருக்குள் ஊற்றும் சீலண்ட் திரவம் அவசரத்துக்கு மட்டும்தான். சிறு ஓட்டையை அடைத்து அடுத்த கடை வரை கொண்டுசேர்க்கும். ஆனால் உள்ளெல்லாம் பிசுபிசுவென்று ஆகிவிடும், கழுவித் துடைக்காமல் மஷ்ரூம் ஒட்டாது. உள்ளே காற்றழுத்தம் காட்டும் சென்சார் இருந்தால் அதையும் கெடுக்கலாம். ஊற்றியிருந்தால் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ட்யூப்லெஸ் டயருக்குள் ட்யூப் போடுவதை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. இரண்டு ரப்பரும் உரசிச் சூடாகும். ட்யூப்லெஸ்ஸில் ஆணி ஏறினால் காற்று மெல்ல இறங்கும். ட்யூபில் ஏறினால் சட்டென்று இறங்கிவிடும். சித்திரை வெயிலில் கொதிக்கும் சாலையில் இதைச் செய்ய வேண்டாம்.

கார் ஓரமாக நின்றுவிட்டால் நாமே ஸ்ட்ரிப் போடுவதா, ஸ்டெப்னி மாற்றுவதா? நான் ஸ்டெப்னி பக்கம். கிட் வாங்கி வைத்திருக்கிறேன், ஆனால் அரத்தை டயருக்குள் ஏற்ற நல்ல பலம் வேண்டும், என் மனைவியாலோ அம்மாவாலோ முடியாது. ஜாக்கி போட்டுச் சக்கரம் மாற்றுவதை யாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கற்றுக்கொள்ளலாம். ஹேண்ட் பிரேக், முதல் கியர், எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ஒரு கல். நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிட்டு, அப்புறம்தான் ஜாக்கியைத் தூக்க வேண்டும். 2020-இல் வந்த விதித் திருத்தத்துக்குப் பிறகு, காற்றழுத்தச் சென்சாரும் பஞ்சர் கிட்டும் உள்ள சில கார்கள் ஸ்டெப்னியே இல்லாமல் வருகின்றன. புது கார் வாங்குகிறவர்கள் டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஒல்லியான ஸ்டெப்னி இருந்தால் அதன் மேலேயே 80 கிலோமீட்டர் வேக வரம்பு அச்சிட்டிருக்கும், அதை மதியுங்கள்.

ஆணி டயரில் ஏறியிருந்து காற்று இறங்காமல் இருந்தால் அதைப் பிடுங்காதீர்கள். அந்த ஆணியேதான் அடைப்பு. மெதுவாகக் கடைக்கு ஓட்டிப் போங்கள்.

கடையில் பக்கத்திலேயே நில்லுங்கள். நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில் ஒரு ஆணிக்காக நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் "நாலு பஞ்சர் சார்" என்றார்கள். நாலு ஸ்ட்ரிப்புக்கும் பணம் கொடுத்தேன். அதற்குப் பிறகு சோப்புத் தண்ணீரில் குமிழி வரும் இடத்தை என் கண்ணால் பார்த்து, சாக்பீஸால் வட்டம் போட்ட பிறகே ஊசியை எடுக்க விடுகிறேன். ட்ரெட்டில் எங்கும் குமிழி வரவில்லை என்றால் வால்வில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். காற்று இறங்குவது சில நேரம் வால்வுக்குள் இருக்கும் சின்ன பின் தளர்ந்ததால்தான்.

அன்றாடப் பராமரிப்பில் நைட்ரஜனா, சாதாரணக் காற்றா என்பது அடுத்த கேள்வி. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். நைட்ரஜன் கொஞ்சம் மெதுவாகக் கசியும், அது உண்மை. ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அழுத்தம் பார்க்கிறவருக்கு பெட்ரோல் பங்க் காற்றே போதும். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்து, காலையில் டயர் சூடாகும் முன் பிடிக்க வேண்டும். மதியம் ஓடி வந்த சூட்டில் அளவு கூடக் காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைவாக இருக்கும். பஞ்சரைக் கண்டுபிடிக்கவும் இதுவே சிறந்த வழி. மூன்று டயர் 33 காட்டி ஒன்று மட்டும் 28 காட்டினால் அதில் முள் இருக்கலாம்.

பிடிக்கும்போது ஸ்டெப்னிக்கும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று பவுண்டு அதிகமாகவே இருக்கட்டும். சக்கரம் கழற்றி மாட்டிய நாளில் ஊர் போய்ச் சேர்ந்ததும் வீல் ஸ்பேனரை எடுத்து நட்டுகளை ஒரு முறை எதிரெதிராக இறுக்கிப் பாருங்கள். போன மாதம் எனக்கு ஒரு நட்டு அரைச் சுற்று சுற்றியது.