அம்மாவின் முழங்காலும் பதினோரு நாள் மாத்திரையும்

இந்தத் தடவை ஊருக்குப் போனது மூன்று வாரத்துக்கு. ஜெர்மனியின் ஸ்டட்கார்ட்டில் இருந்து கிளம்பும்போதே, அம்மாவின் முழங்காலுக்கு ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் திரும்புவது என்று முடிவு செய்திருந்தேன். அம்மாவுக்கு 68 வயது. ஐந்து வருடமாக மூட்டுத் தேய்மானம். எக்ஸ்ரே பார்த்த எலும்பு மருத்துவர், இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், உடற்பயிற்சி செய்யுங்கள், வலி தாங்காத அன்றைக்கு மட்டும் மாத்திரை போடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

போன மறுநாள் காலை காபி குடித்து முடித்தும் அம்மா மாத்திரை டப்பாவை எடுக்கவில்லை. "பிரஷர் மாத்திரை போடலையாம்மா?" என்றேன்.

"அதை நிறுத்திப் பதினோரு நாளாச்சுடி. அக்குபங்சர்ல நிறுத்தச் சொல்லிட்டாங்க. முட்டி வலிக்கே அந்த மாத்திரைக் கழிவுதான் காரணமாம்."

எதிர்வீட்டு அத்தைதான் அழைத்துப் போயிருக்கிறார். அன்று சாயங்காலம் நானும் கூடப் போனேன். ஒரு வீட்டின் முன்னறை, பத்துப் பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் உடம்புப் படம். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும் அந்த ஹீலருக்கு. ஊசி எதுவும் கிடையாது. இரண்டு கையிலும் நாடி பார்த்தார், பாதத்தில் ஓர் இடத்தை விரல் நுனியால் சில நொடிகள் தொட்டார், அவ்வளவுதான் சிகிச்சை. கட்டணம் கேட்கவில்லை. முடிந்ததைப் பெட்டியில் போடலாம்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அவர் அம்மா பேசுவதை இருபது நிமிடம் முழுக்கக் கேட்டார். ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள், எந்தப் பக்கம் படுத்தால் வலிக்கிறது என்றெல்லாம் விசாரித்தார். அம்மாவின் முட்டியைப் பற்றி அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அம்மா ஏன் அவரை நம்பினாள் என்பது எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. ஆனால் பிரஷர் மாத்திரையைப் பற்றி நான் கேட்டபோது, "அதெல்லாம் வெறும் நம்பர்மா, நோய் இல்லை. உடம்பே சரி பண்ணிக்கும்" என்றார். அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. நேராகக் குடும்ப டாக்டரிடம் போனோம். 182க்கு 104. பிரஷர் வலிக்காது, காட்டிக்கொடுக்காது. பக்கவாதமாக வந்து நிற்கும்போதுதான் தெரியும். அன்றைக்கே மாத்திரையை மறுபடி ஆரம்பித்தோம்.

இதைப் படித்துவிட்டு, அக்குபங்சரே பொய் என்று நான் சொல்ல வருவதாக நினைக்க வேண்டாம். இரண்டு வருடத்துக்கு முன் இடுப்பு வலிக்கு நானே ஊசி போட்டுக்கொண்டவள். ஜெர்மனியில் 2007இல் இருந்து பொது மருத்துவக் காப்பீடு இரண்டு வலிகளுக்கு மட்டும் அக்குபங்சர் செலவை ஏற்கிறது. ஒன்று நாள்பட்ட கீழ் முதுகு வலி, இன்னொன்று முழங்கால் தேய்மான வலி. வலி ஆறு மாதமாவது இருந்திருக்க வேண்டும். ஆறு வாரத்துக்குள் பத்து தடவை. போடுகிறவர் தனிப் பயிற்சி முடித்த எம்.பி.பி.எஸ். மாதிரியான முழு மருத்துவராக இருக்க வேண்டும். தலைவலிக்கு என்று போனால் காசு நம் கையில் இருந்துதான்.

ஏன் அந்த இரண்டு மட்டும்? அங்கே காப்பீட்டு நிறுவனங்கள் பணம் போட்டுப் பெரிய ஆய்வுகள் நடத்தின. அதில் கெராக் என்பது ஒன்று. முழங்கால் ஆய்வு 2006இல் வெளிவந்தது. ஆயிரத்துச் சொச்சம் பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குச் சீன முறைப்படி சரியான புள்ளிகளில் ஊசி. இன்னொரு பிரிவுக்குப் புள்ளியே இல்லாத இடங்களில், ஆழமில்லாமல், பேருக்கு ஊசி. மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான வைத்தியம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் முதல் பிரிவில் 53.1 சதவீதம், பேருக்குக் குத்திய பிரிவில் 51 சதவீதம், வழக்கமான வைத்தியத்தில் 29.1 சதவீதம். முதுகு வலி ஆய்விலும் கிட்டத்தட்ட இதே கதைதான்: 47.6, 44.2, 27.4.

இந்த எண்களை நான் பலமுறை திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு வலி குறைந்தது உண்மை. ஆனால் எந்த இடத்தில் குத்தினால் என்ன என்கிற மாதிரியும் இருக்கிறது. படுத்து ஓய்வெடுப்பது, ஒருவர் அக்கறையாகக் கவனிப்பது, குணமாகும் என்ற எதிர்பார்ப்பு, எங்கே குத்தினாலும் நரம்பில் ஏற்படும் தூண்டல் எல்லாம் அந்த 51க்குள் கலந்து கிடக்கின்றன. அதனால்தான் நாட்டுக்கு நாடு முடிவு வேறுபடுகிறது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு, காரணம் பிடிபடாத நாள்பட்ட வலிக்கு அக்குபங்சரைப் பரிசீலிக்கலாம் என்று 2021இல் சொன்னது. மறுவருடமே மூட்டுத் தேய்மானத்துக்குத் தர வேண்டாம் என்றது. ஜெர்மனி அதே முட்டிக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்பதில் ஆராய்ச்சி கொஞ்சம் கூடுதலாகவே முன்னேறியிருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் பெய்ஜிங்கில் ஹான் ஜிஷெங் குழு, அக்குபங்சர் செய்த முயலின் மூளைத் தண்டுவட நீரை எடுத்து, அது செய்யாத முயலுக்குச் செலுத்தியது. அந்த இரண்டாவது முயலும் கூடுதலாக வலி தாங்கியது. அப்படியென்றால் வலியைக் குறைக்கும் ஏதோ ஒரு ரசாயனம் சுரக்கிறது. 1977இல் அமெரிக்காவில் மனிதர்களின் பல்லில் வலியை உண்டாக்கிச் சோதித்தார்கள். ஊசியால் குறைந்த வலி, நாலோக்சோன் கொடுத்ததும் திரும்பி வந்தது. மார்பினின் வேலையைத் தடுக்கும் மருந்து அது. ஆகவே உடம்பே தயாரிக்கும் மார்பின் மாதிரியான பொருட்கள், அதாவது எண்டார்பின்கள், இதில் வேலை செய்கின்றன என்ற எண்ணம் வலுத்தது.

2010இல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் எலிகளின் முட்டிக்குக் கீழே ஊசி போட்டுத் திருகியபோது, ஊசியைச் சுற்றிய திசுவில், வலியைத் தணிக்கும் அடினோசின் என்ற பொருள் பல மடங்கு கூடியது. அதை ஏற்கும் ஏ1 ஏற்பி இல்லாத எலிகளுக்கு ஊசியால் பலனே இல்லை. 2021இல் ஹார்வர்டில் சியூஃபு மா குழு இன்னும் ஒரு படி போனது. எலியின் பின்னங்காலில் குறிப்பிட்ட இடத்தில் லேசான மின்சாரத்தோடு ஊசி போட்டால் அழற்சி குறைகிறது, வயிற்றில் போட்டால் அப்படி இல்லை. காலின் ஆழத்தில் இருக்கும் ஒரு வகை உணர்வு நரம்புதான் காரணம் என்று காட்டினார்கள். இடம் முக்கியமில்லை என்று மனிதர்களிடம் நடந்த ஆய்வு சொல்ல, முக்கியம் என்று எலி சொல்கிறது. எலியில் நடந்தது அம்மாவின் முட்டியிலும் நடக்கும் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

இதில் எனக்குப் பட்டது ஒன்றுதான். மனிதர்களிடமும் எலிகளிடமும் நடந்த இந்த ஆய்வுகளில் ஊசி உடம்புக்குள் போகிறது, பல சமயம் திருகுகிறார்கள் அல்லது மின்சாரம் விடுகிறார்கள். விரல் நுனியால் சில நொடிகள் தொடுவதைப் பற்றி அவை பேசவே இல்லை. மாத்திரையை நிறுத்தலாம் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை.

சரி, ஊசிக்கே போவோம் என்று தேடியதில், பக்கத்து நகரத்து அரசு மருத்துவமனையிலேயே யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருப்பது தெரிந்தது. பி.என்.ஒய்.எஸ். என்ற இயற்கை மருத்துவ, யோகா பட்டப்படிப்பை ஐந்தரை வருடம் படித்த மருத்துவர்கள் அங்கே இருக்கிறார்கள். அக்குபங்சர் அவர்கள் பாடத்தில் உண்டு. காலை எட்டு மணிக்கு ஓ.பி. சீட்டு வாங்கி, இரண்டு மணி நேரம் வராந்தாவில் காத்திருந்தோம். உட்கார ஒரே ஒரு பெஞ்ச். முட்டி வலிக்காரர்கள் நின்றுகொண்டு இருப்பதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. கழிப்பறை பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. உள்ளே இரண்டு கட்டில், நடுவில் ஒரு பச்சைத் திரை.

மருத்துவர் சின்னப் பெண். முதலில் கேட்டது என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்றுதான். ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று தனியாகக் கேட்டார். பிரஷர் பார்த்தார். நடந்ததை அம்மா சொன்னதும், "அம்மா, ஊசி உங்க வலிக்கு மட்டும்தான். தேய்ஞ்ச எலும்பு இதனால வளராது. பிரஷர் மாத்திரையை உங்க டாக்டர் சொல்லாம நிறுத்தக் கூடாது" என்றார்.

உறையைப் பிரித்தது எங்கள் கண் முன்னால். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த ஊசி, சின்னக் குழாய்க்குள் வைத்து ஒரு தட்டு. முட்டிச் சில்லுக்குக் கீழே இரண்டு பக்கக் குழியிலும் ஒவ்வொன்று. அங்கிருந்து நான்கு விரற்கடை கீழே, முன்னெலும்புக்கு வெளிப்பக்கம் ஒன்று. அந்த எலி ஆய்வுகளில் வரும், எஸ்.டி. 36 என்று பெயரிட்ட புள்ளி அதுதான். அதை மெதுவாகத் திருகியபோது அம்மா என் கையைப் பிடித்தாள். "வலிக்குதாம்மா?" "வலி இல்லடி. கனமா, கால் மரத்துப் போற மாதிரி இருக்கு." ஊசிகளில் கிளிப் மாட்டி மின்சாரம் விட்டதும், தோலுக்கு அடியில் சதை துடிப்பது தெரிந்தது. இருபது நிமிடம். எடுக்கும்போது ஊசிகளை எண்ணி எடுத்து வெள்ளை டப்பாவில் போட்டார். ஒரு முறை போட்ட ஊசியை மறுபடி யாருக்கும் போடுவதில்லை. இதை நீங்கள் எங்கே போனாலும் கண்ணால் பாருங்கள்.

வாரம் இரண்டு தடவை. கட்டணம் எதுவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டித் தூக்கும் பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார். மூன்றாவது தடவைக்குப் பிறகு அம்மா ராத்திரி எழுந்திருப்பது குறைந்தது. மாடிப்படி இன்னும் கஷ்டம்தான். ஊசியா, பயிற்சியா, நான் பக்கத்தில் இருந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் நான்காவது தடவை போனபோது எதிர்வீட்டு அத்தையும் ஆட்டோவில் ஏறிக்கொண்டார். வழியில் பேச்சுவாக்கில்தான் சொன்னார், அவரும் சர்க்கரை மாத்திரையை இரண்டு மாதமாகப் போடவில்லையாம். அம்மா உள்ளே படுத்திருந்த நேரத்தில் அவரை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். 340. திரும்பி வரும்போது அத்தை அந்தச் சீட்டை மடித்து மடித்து உள்ளங்கையில் வைத்திருந்தார். யாரும் ஒன்றும் பேசவில்லை. தெரு முனை திரும்பும்போது அம்மாதான், "பழைய மருந்துச் சீட்டு வீட்டுல இருக்கா அண்ணி? எடுத்துட்டு வாங்க, இதே ஆட்டோல மெடிக்கல் போயிட்டு வந்துடலாம்" என்றாள்.